பரளச்சி வரை ஓடும் பஸ்

மஸ்கட்

அன்புள்ள ஈஸ்வரிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா?

போன வாரம் குடோன் படியில் சறுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. இடது கைதான், பயப்படாதே. பத்து நாள் அறையில் இருக்கச் சொன்னார்கள். இருப்புக்கொள்ளவில்லை. கட்டிலுக்கும் சன்னலுக்குமாக நடந்து அலுத்துத்தான், விளையாட்டு உருவாக்கும் ஒரு மென்பொருளை லேப்டாப்பில் இறக்கினேன். படங்களை இழுத்து வைத்தால் போதும், வேறொன்றும் தெரிய வேண்டாம். விருதுநகரிலிருந்து பஸ் ஓட்டும் விளையாட்டு செய்தேன். இலவசப் பதிப்பில் மூன்று கட்டம்தான் செய்ய முடியும். பாலவனத்தம் தாண்டி அருப்புக்கோட்டையோடு பஸ் நின்றுவிட்டது.

"விக்கவா போறீங்க? சும்மா வெளையாடுறதுக்குக் காசு குடுத்து எதுக்கு வாங்கணும்?" என்று போனில் கேட்டாய். நியாயம்தான். பழகிப் பார்க்கிறவர்களுக்கு இலவசமே போதும். எனக்குப் போதவில்லை. முழுப் பதிப்பை வாங்கிவிட்டேன், கோபப்படாதே.

நேற்று பஸ் நம் ஊர் பரளச்சிக்கு வந்துவிட்டது. இறங்கி வீட்டுக்கு நடக்கும் தெருவைச் செய்யும்போதுதான் கை நின்றது. அடிகுழாய் இடப்பக்கமா, வலப்பக்கமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

நிறுத்தத்திலிருந்து நடந்தபடியே ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. எதிரே வருகிறவர்களோடு பேசிக்கொண்டே வா. கதவைத் திறந்து அம்மா உன்னைக் கூப்பிடும் வரை நிறுத்தாதே.

சாப்பாட்டு வண்டி வந்துவிட்டது.

உன்
மதன்குமார்