பகலில் படுக்க அனுமதி

ஜனவரி 14
என் அறைக் கிழவி கினுயோவுக்கு இதய நோயாம், பகலில் படுக்க அனுமதி கிடைத்துவிட்டது. இந்தச் சிறையில் விளக்கு அணையும்வரை யாரும் முதுகைச் சாய்க்கக்கூடாது. மகாராணிக்கு மட்டும் மெத்தை, சூடான கஞ்சி, உப்பில் ஊறிய உமே பழம். நான் பனியில் நடந்து தையல்கூடம் போகிறேன், அவள் போர்வைக்குள் கிடக்கிறாள். பற்றி எரிகிறது எனக்கு.

ஜனவரி 17
வலது விலாவுக்குக் கீழே வலி. டாக்டரைப் பார்க்க மறுபடி மனு கொடுத்தேன். வந்தது ஒரு மாத்திரை. அவள் இருமினால் மட்டும் டாக்டரே ஓடி வருகிறார்! அவளுக்குத்தான் இதயம், எனக்கு இருப்பது கருங்கல்லா?

ஜனவரி 20
பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன். "எப்படி நடிச்சா மெத்தை குடுப்பாங்க? சொல்லிக் குடேன்."
"மூச்சு நின்னுபோனா உடனே குடுப்பாங்கடி ஓரியே," என்று என் பெயரைச் சொல்லிச் சிரித்தாள் கிழவி. கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். சாப்பாட்டைப் பகிர்ந்தால் இருவருக்கும் தண்டனை.
"உன் பிச்சை எனக்கு வேணாம்."

ஜனவரி 23
சோறு இறங்கவில்லை. என் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேவு பார்க்கிறாளா? டீச்சரிடம் போட்டுக்கொடுப்பாளோ? (காவலர்களை இங்கே டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும்.)

ஜனவரி 24
அவள் குறட்டைகூட எனக்கு ஆகவில்லை.

ஜனவரி 25
காலைக் கணக்கெடுப்பு. மண்டியிட்டு அவரவர் எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். வேறு பேச்சு குற்றம். தன் முறை வந்ததும் கினுயோ எண்ணைச் சொல்லாமல் என்னைக் காட்டினாள்.
"டீச்சர், இவ கண்ணைப் பாருங்க. மஞ்சளா இருக்கு. ஒரு வாய் சாப்பிடல."
"நம்பர் மட்டும்!"
"மொதல்ல கண்ணைப் பாருங்க டீச்சர்!"
பார்த்தார்கள். பிறகு கினுயோவைத் தண்டனை அறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அங்கே பகலெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அந்த மூச்சை வைத்துக்கொண்டு — எனக்காகவா? ஏன்டி இப்படிப் பண்ணே, பைத்தியமே!

பிப்ரவரி 9
வெளி ஆஸ்பத்திரியில் எனக்கு அறுவை சிகிச்சை. பித்தக்குழாயில் அடைப்பாம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா அவ்வளவுதான்," என்றார் டாக்டர்.

பிப்ரவரி 16
அறைக்குத் திரும்பிவிட்டேன். எனக்கும் பகலில் படுக்க அனுமதி. கினுயோ இல்லை. மருத்துவச் சிறைக்கு மாற்றிவிட்டார்களாம். மூச்சு எப்படி இருந்தது என்று கேட்டேன். சொல்லக்கூடாதாம்.

அவள் இடத்தில் ஹத்சுவே என்று ஒருத்தி. தையல்கூடத்திலிருந்து வந்தவள், விறைத்த விரல்களைத் தேய்த்தபடி என் மெத்தையைப் பார்த்தாள். பிறகு என் கஞ்சியை. அந்தப் பார்வையை எனக்குத் தெரியாதா?

பார்த்துவிட்டுப் போகட்டும். அவள் சாப்பிட்டு முடித்ததும் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.