நிறவாரியாக ஏழு பெட்டி

ஜூலை 4, வியாழன்

டாக்டர் இன்று நேராகவே சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸின் நுரையீரலுக்குத் துணித்தூசி ஆகாது. "வீட்டுலயே தைக்கிறீங்களா? அப்ப எல்லாத்தையும் மூடி வைங்கம்மா. திறந்து கிடக்கக் கூடாது." இவர் என்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடி வைப்பதாம். எங்கே வைத்து மூடுவது? ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே போக வேண்டிய சமையலறை. கட்டிலுக்கு அடியில் லைனிங் துணி. பீரோ மேல் வெட்டுத்துண்டுகள். மாதா படத்துக்குக் கீழே நூல்கண்டுகள். பிஸ்கட் டப்பாக்களில் பட்டன், ஊசி, கொக்கி. ஹாலில் மெஷினைச் சுற்றி ஏழு மூட்டை. ஏழு வீட்டுப் பழம்புடவைகள், வெட்டி ஒட்டுத்தையல் போடும் ஏழு போர்வைகளுக்கு.

மூட்டைக்கு நான் பெயர் எழுதி ஒட்டுவதில்லை. யார் துணி கொடுத்தாலும் அதில் ஒரு புடவையை விரித்து, மற்றதை உள்ளே வைத்து முடிச்சுப் போட்டுவிடுவேன். வெளிப்புடவையைப் பார்த்தால் யார் வீடு என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடவையும் மாறியதில்லை.

இன்றைக்கு உடம்பில் தெம்பில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜூலை 7, ஞாயிறு

சோஃபியா வந்திருந்தாள். ஒன்றரை வருஷம் கழித்து என் மகள் இந்த வீட்டுக்குள் காலை வைத்தாள். ரிஜிஸ்டர் ஆபீசில் அவள் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் பேச்சு வந்தது.

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீசிலிருந்து யாரிடமோ வண்டி வாங்கி, ஒரு ரேக்கும் மூடி போட்ட ஏழு கண்ணாடிப் பிளாஸ்டிக் பெட்டிகளும் கொண்டுவந்தாள். "நீங்க ரெண்டு பேரும் பூசைக்குப் போயிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். பூசை முடிந்து, இவருக்கு மூச்சு வாங்கியதால் கோயில் வாசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

வீடு வேறு வீடாக இருந்தது. தரை தெரிந்தது! சுவரோடு ரேக். அதில் சிவப்பு ஒரு பெட்டி, மஞ்சள் ஒரு பெட்டி, பச்சை, நீலம், வெள்ளை என்று நிறவாரியாக எல்லாம் ஒரே அளவாக மடித்து வைத்திருந்தாள். கண்ணில் பட்ட முதல் நொடி எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் மூட்டைகளைத் தேடினேன். மூட்டைகள் இல்லை.

"எல்லாம் முடிச்சு முடிச்சா அசிங்கமா கெடந்துச்சும்மா. பிரிச்சு கலர் கலரா அடுக்கிட்டேன்." தலைமுடியெல்லாம் பஞ்சு. தும்மித் தும்மி மூக்கு சிவந்திருந்தது. அவள் அப்பா உள்ளிருந்து, "டீ போடு ஐரின், புள்ள களைச்சுப் போய்க்கீது" என்று குரல் கொடுத்தார். இத்தனை நாளில் 'புள்ள' என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

நல்லா இருக்குடி, என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து பெட்டிகளைத் திறந்து தரையில் பரப்பிப் பிரித்தேன். இவர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். என் நோட்டில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது. மணிமொழி, மந்தைவெளி, காட்டன் ஆறு. சாய்மா, அடையாறு, காட்டன் ஒன்பது. நிறம், கரை, ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை எப்போது இருந்தது?

ஐந்து வீட்டுத் துணி நினைவிலிருந்தே பிரிந்துவிட்டது. கடைசியில் இரண்டு புடவை நின்றது. ஒரு மஞ்சள் கட்டம், ஒரு கிளிப்பச்சை. மணிமொழிக்கு ஒன்று குறைகிறது, சாய்மாவுக்கு ஒன்று குறைகிறது.

மணிமொழியின் மகளுக்கு இது தலைப்பிரசவம். பிறக்கும் குழந்தையைப் படுக்கவைக்கத்தான் போர்வை. "எல்லாம் நல்லா வாழ்ந்துட்டிருக்கிறவங்க கட்டின புடவை. என்னுது, என் அத்தையுது. பாத்துத் தைங்கக்கா" என்று கொடுக்கும்போதே இரண்டு தடவை சொன்னாள். சாய்மாவின் மூட்டை அப்படியில்லை. அவள் அம்மா இந்த ரம்ஜான் மாதத்தில் மௌத்தாகிவிட்டார். அந்த அம்மாவின் புடவைகள்.

மஞ்சள் மங்கலம், அது மணிமொழி வீடு. பச்சை, பாய் வீடு. அப்படித்தான் பிரித்தேன்.

போன் போட்டுக் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஐரினுக்குத் துணி மாறிவிட்டதாம் என்று பேச்சு வருமே.

ஜூலை 11, வியாழன்

இடுப்பு வலி. ரேக்கை ஓர் எல்லைக்கோடு மாதிரி நினைத்து அதைத் தாண்டாமல் நடக்கிறார் இவர். இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜூலை 16, செவ்வாய்

மணிமொழியின் போர்வையை முடித்துக் கொடுத்தாகிவிட்டது. மஞ்சள்தான் இருப்பதிலேயே மெத்தென்று இருந்தது. துவைத்துத் துவைத்துப் பூவாகிவிட்ட துணி. ஓரிடத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டையை யாரோ நீல நூலால் அடைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தவிர்த்து நான்கு சதுரம் வெட்டி நடுவில் வைத்தேன். குழந்தையின் முதுகு படும் இடம். மணிமொழி கன்னத்தில் வைத்துப் பார்த்து, "அப்பா, எவ்ளோ மெதுவா இருக்கு. இந்த மஞ்சள் அத்தையுதா இருக்கும்" என்றாள்.

ஜூலை 24, புதன்

மணிமொழிக்குப் பேத்தி. போனில் அழுதாள், சிரித்தாள்.

ஜூலை 27, சனி

சாய்மா வந்தாள். தைக்கும் முன் அம்மாவின் புடவைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஒவ்வொன்றாக மடியில் வைத்துத் தடவினாள். பச்சையை எடுத்ததும் நிறுத்திவிட்டாள்.

"இது எங்களுது இல்ல ஆன்ட்டி. அம்மாவுக்குப் பச்சையே பிடிக்காது. ஒரு மஞ்சக் கட்டம் இருக்கும், அது எங்க? அதுல ஓட்டை விழுந்த இடத்துல நான் நீல நூல் போட்டேன். ஸ்கூல் படிக்கறப்ப. அம்மா அதைத்தான் அடிக்கடி கட்டுவாங்க."

தேடிப் பார்த்து எடுத்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தேடுகிறேனாம்! எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மந்தைவெளியில், மூன்று நாள் குழந்தையின் முதுகுக்குக் கீழே இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

இன்று நற்கருணை வாங்கப் போகவில்லை. இவர் கவனித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாத்துக்கு நீ போய்ச் சொல்லணும்? அந்தப் பச்சையை எடுத்துட்டு, மஞ்சளை எலி கடிச்சிடுச்சுன்னு சாய்மாகிட்ட சொல்லிடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வேணாம். சொல்லிடு. ஆனா புள்ள பேரை இழுக்காத" என்றார்.

இழுப்பேனா? அவள் பிரித்தது மூட்டையைத்தான். பச்சை பாய் வீடு என்று முடிவு கட்டியது யார்? நான்தானே. எத்தனை வருஷமாக எல்லா வீட்டுத் துணியையும் தொடுகிறேன், இப்படி ஒரு புத்தி.

ஜூலை 30, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

குழந்தை அந்தப் போர்வையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது. மணிமொழி முதலில் புரியாமல் சிரித்துக்கொண்டே கேட்டாள். புரிந்ததும் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டாள். அது வீறிட்டது.

"செத்தவங்க புடவையாக்கா? நாலு நாளா இதுலதானே படுக்க வெச்சிருக்கேன்! படிச்சுப் படிச்சு சொன்னேனே!" உள்ளே இருந்து மகள், என்னம்மா என்றாள். "ஒண்ணும் இல்ல, நீ படு" என்று அவளிடம் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினாள். "எப்படி மாறுச்சு? யாரு கலந்தது?"

"நான்தான்."

"வயசாயிடுச்சுன்னா விட்டுடணும்க்கா." போர்வையைச் சுருட்டி ஒரு கவரில் போட்டு வாசலில் வைத்தாள். பச்சையைக் கொடுத்தேன், கையில் வாங்கவில்லை. அங்கே வைங்க என்றாள். அவள்மேல் கோபம் வரவில்லை. என் மகளுக்கு நடந்திருந்தால் நான் இதைவிடக் கத்தியிருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது கவருக்குள்ளிருந்து பால் வாடை அடித்தது. அழுதுவிட்டேன். பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, சனி

மஞ்சள் சதுரங்களைப் பிரித்தெடுத்து, மீதித் துணியோடு சாய்மாவிடம் கொடுத்தேன். ஓட்டை அடைத்த துண்டும் வெட்டுத்துணியில் கிடைத்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் அந்த நீல நூலின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே ஆன்ட்டி."

கேட்டிருக்கலாம். இருபத்தேழு நாளாக நான் எனக்குச் சொல்லிக்கொள்வதும் அதுதான்.

தைக்க வேண்டாம் என்று எல்லாத் துணியையும் எடுத்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுவிட்டு, போகாமல் நின்றாள். "பாப்பா நல்லாத் தூங்குச்சா அதுல?"

"தூங்குச்சும்மா."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மந்தைவெளியில் மணிமொழி சொல்லித்தான் மூன்று வீட்டுக்காரர்கள் எனக்குத் துணி கொடுத்திருந்தார்கள். மூன்று பேரும் இந்த வாரம் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி ஊருக்குப் போகிறாளாம். ஒருத்தியின் மகன் வேண்டாமென்று சொன்னானாம். மூன்றாவது பெண் காரணமே சொல்லவில்லை, அது எவ்வளவோ மேல். நான்காவதாக, எனக்கு நேரடியாகக் கொடுத்த ஆதம்பாக்கத்து அம்மாவை நானே கூப்பிட்டு வந்து பார்க்கச் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவரும் எடுத்துக்கொண்டு போனார்.

மிச்சம் இருப்பது எங்கள் பங்குச் சாமியாரின் அக்கா கொடுத்தது மட்டும். அவருக்கு இன்னும் செய்தி போகவில்லையோ என்னவோ. நாளை நானே போய்ச் சொல்ல வேண்டும். சோர்வாக இருக்கிறது.

டாக்டரிடம் போனோம். நெஞ்சு நன்றாகத் தெளிந்திருக்கிறதாம். "வீட்டை நல்லா வெச்சிருக்கீங்க போல" என்றார்.

ஆகஸ்ட் 17, சனி

மெஷினுக்கு உறை போட்டு ஒரு வாரம் ஆகிறது. சாமியாரின் அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல, மெதுவா தைங்க" என்றார். மெதுவாகத்தான் தைக்க வேண்டும். கை இன்னும் துணியைத் தொடத் தயங்குகிறது.

சாயங்காலம் சோஃபியா போனில் வந்தாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையையும் கூட்டி வருகிறாளாம். முதல் தடவை. அவள் அப்பா போனை வாங்கி, மாப்பிள்ளைக்கு மீன் பிடிக்குமா, கறி பிடிக்குமா என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பக்கம் பார்க்கவில்லை.

வைப்பதற்கு முன் அவள், "அம்மா, ரேக்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். ஆபீஸ்ல காட்டணும். நான்தான் அடுக்கினேன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

ஏழு பெட்டியில் ஆறு காலி. கண்ணாடிப் பெட்டி வேறு, உள்ளே ஒன்றுமில்லாதது பளிச்சென்று தெரிகிறது.

பீரோவைத் திறந்து என் புடவைகளை எல்லாம் எடுத்தேன். சிவப்பு சிவப்போடு, நீலம் நீலத்தோடு, அவள் மடித்த அதே அளவுக்கு மடித்து அடுக்கினேன். வெள்ளைக்கு அவருடைய வேட்டிகள். இவர் கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். போட்டோ அனுப்பினேன். "சூப்பர்மா! கலையாம வெச்சிருக்க" என்று பதில் வந்தது.

நாளைப் பூசைக்குக் கட்ட நீலப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தேன். வரிசையில் இடைவெளி விழுந்தது. அவருடைய நீல லுங்கியை மடித்து அங்கே வைத்து மூடிவிட்டேன்.