பெயரும் நட்சத்திரமும்

21.7.2003, திங்கள்

சோமவார உபவாசம். அச்சகத்தில் நமது வார இதழுக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது விஜயராணி என்றொரு பெண் வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். உடன் வேலை செய்யும் மாதவனைப் போலீசார் கொண்டுபோனதைக் கண்ணால் கண்டவள்.

“போன செவ்வாக்கெழம கம்பெனி கேட்டுல வச்சே தூக்குனாய்ங்க ஐயா. சனிக்கெழம காட்டுக்குள்ள வெடிகுண்டோட புடிச்சதா டிவியில சொல்றாய்ங்க. எழுதுங்க. எம்பேரு மட்டும் வேணாம்.”

வராது என்று வாக்களித்தேன். துயரோடு வருவோர் எல்லாரிடமும் கேட்பதுபோல் அவளிடமும் இருவர் நட்சத்திரத்தையும் கேட்டேன், அர்ச்சனைக்கு. மாதவனுக்குச் சுவாதி, அவளுக்கு மகம்.

25.7.2003, வெள்ளி

இதழ் வெளிவந்தது. முதல் பக்கத்தில் பெயரில்லாத சாட்சியின் கூற்று.

26.7.2003, சனி

ஆய்வாளர் பெருமாள்சாமி வந்தார். என் சொற்பொழிவுகளுக்கு முன்வரிசையில் அமர்பவர். காலைத் தொட்டு வணங்கிவிட்டே ஆரம்பித்தார்.

“நாட்டுப் பாதுகாப்பு கேசுங்க ஐயா. பொடா சட்டத்துல தகவலை மறைச்சாலே குத்தமுங்க. சொன்னது யாருன்னு மட்டும் சொல்லிப்போடுங்க.”

சொல்ல இயலாது என்றேன்.

“தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, எழுதிக்கிட்டுப் போயிர்றனுங்க” என்று சிரித்தார். மேடைதோறும் வாய்மையைப் பேசியவன் நான். அந்த ஒரு வார்த்தை என் நாவில் எழாது என்பதை அவர் நன்கறிவார்.

29.7.2003, செவ்வாய்

விளம்பரம் தருவோர் ஒருவர்பின் ஒருவராக விலகுகின்றனர். நான் போகுமிடமெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. மகன் தமிழ்செல்வன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்:

“ஏனுங்கப்பா, என்ற கம்பெனிக்குத் தெனமும் ஆபீசருங்க வர்றாங்க. ஷிப்மென்ட் நிக்குது. யாரோ ஒரு ஆளுக்காக நாமெல்லாம் தெருவுக்கு வரோணுமா?”

அவன் பிழையாகக் கேட்கவில்லை.

1.8.2003, ஆடி வெள்ளி

கோயிலில் நெரிசல். குருக்கள் தட்டை வாங்கிப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அம்பாள் சந்நிதியில் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? மாதவன், சுவாதி. விஜயராணி, மகம். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை, உரக்கச் சொன்னேன். தீபாராதனையின்போது பல நாட்களாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

2.8.2003, சனி

காலையில் தொலைபேசி. பெருமாள்சாமி.

“ஐயா, விஜயராணிக்கு மகமுங்களா? நல்ல நட்சத்திரமுங்க.”

அவர் நிறுத்தவில்லை.

“மாதவன் கம்பெனியில மட்டும் நாலு விஜயராணிங்க இருக்காங்க. எந்தப் புள்ளைன்னு நீங்களே சொல்லீட்டா, மத்த புள்ளைங்களை ஸ்டேஷனுக்கு அலைய உட வேண்டியதில்லீங்க.”

நேத்துக் கோயல்ல நெத்தி நிறையத் திருநீறு பூசி எம்பக்கத்துல கும்பிட்டுக்கிட்டு நின்னானே, அவன்தான் போலீசு ஆளு! என்ன காரியம் பண்ணிப்போட்டேன்... அம்பாளுக்கு அவ பேரு தெரியாதா? நான் கத்திச் சொல்லோணுமா?

நானே போய் அவளை எச்சரிக்கலாம் என்றால் மோட்டார் சைக்கிள் பின்னால் வரும். வேறு வழியின்றித் தமிழ்செல்வனிடம் சொன்னேன் – அவள் பெயர், கம்பெனி, குடியிருக்கும் சந்து, எல்லாம். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு போனான். எங்கே போகிறான்? அவளிடமா, ஆய்வாளரிடமா? கேட்கத் துணிவில்லை. பதிகம் பாட அமர்ந்தேன். இரண்டாம் அடி நினைவுக்கு வரவில்லை.

3.8.2003, ஆடிப்பெருக்கு

விடிந்தபின்தான் வீடு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அந்தப் புள்ளைய மதுரை பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டேன். இனி அது கம்பெனிக்கும் வராது, கோர்ட்டுக்கும் வராது. போதுமுங்களா?” குளியலறை வாயில்வரை போய்த் திரும்பினான். “கோயலுக்குப் போனீங்கன்னா கும்புட மட்டும் செய்யுங்கப்பா.”

அவள் தப்பினாள். மாதவனுக்காகப் பேச இனி ஒருவரும் இல்லை. அவர்கள் வேண்டியதும் இதுதானோ?

18.8.2003, திங்கள்

அச்சகத்துக்கு முத்திரை வைத்தார்கள். என் மீதும் வழக்கு.

21.11.2003, வெள்ளி

மாதவனுக்கு மீண்டும் பிணை மறுப்பு. இதழ் நின்றது நின்றதுதான். சொற்பொழிவுக்கும் எவரும் அழைப்பதில்லை.

பேத்தி மோனிஷாவுக்கு இன்று பிறந்தநாள். கோயிலுக்கு அழைத்துப் போனேன். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, “குழந்தை பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ” என்றார். அருகே திருநீறு பூசிய ஒருவர் கண்மூடி நின்றிருந்தார். யாரோ ஓர் அடியவராக இருக்கலாம்.

“சாமி பேருக்கே பண்ணுங்க” என்றேன்.

மோனிஷா என் வேட்டியை இழுத்தாள். “ஏனுங் அப்பாரு, என்ற பேரைச் சொல்லலீங்களா?”

குனிந்து, அவள் காதில் மட்டும் சொன்னேன்.