வந்தாங்க, நின்னான்

மாத்தளை,
12.6.1973

அன்புள்ள வதனா,

இடமாற்றம் கிடைத்ததா என்று கேட்டிருந்தீர். அதைப் பிறகு எழுதுகிறேன். இன்று வகுப்பில் வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

உயர்தர வகுப்புக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆபிரிக்க நாவல் படிப்பிக்கிறேன். வெள்ளைக்காரர் வந்து ஓர் ஊரின் தெய்வத்தையும் வழக்கத்தையும் குலைத்துப்போடுகிற கதை. பந்தி பந்தியாகப் பிள்ளைகள் அதைத் தமிழில் சொல்லவேண்டும். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருகிற தவமணி எழும்பிச் சொன்னாள்: “தொர குதிரையில வந்தாங்க. ஊர்த்தலைவன் கும்புடாம நின்னான்.”

ஆங்கிலத்தில் துரைக்கும் ஊர்த்தலைவனுக்கும் ‘ஹீ’ என்ற ஒரே சொல்தான். இந்த மரியாதையை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மேசையில் அடித்துக் கத்தினேன். “ஊரைப் பறிக்க வந்தவனுக்கு ‘வந்தாங்க’. சொந்த மண்ணிலே நிக்கிற மனுசனுக்கு ‘நின்னானா’? இத்தனை மாதமா என்னத்தைப் படிச்சனீங்கள்?”

அவள் அழவில்லை. “நேத்து எங்கப்பாவ வரச்சொன்னப்ப, ‘அவனைக் கூட்டிக்கொண்டு வா’ன்னுதானே சொன்னீங்க, சேர்?”

அவள் ஒழுங்காகப் பள்ளிக்கு வருவதில்லை, அதற்காகத்தான் வரச்சொன்னேன். ரப்பர் பால் வெட்டுகிற ஒருவனை வேறு எப்படிச் சொல்வதாம்? வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இரண்டு அடி போட்டு ஆறியிருப்பேன்.

நீரும் போன விடுமுறையில் என் வாயைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினீர். அதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

தவமணியின் தகப்பன் நாளைக்கு வருகிறான்.

வருகிறார்.

இப்படிக்கு,
உம்முடையவன்