சந்தனம் வைத்த டிஸ்குகள்

அக். 3, வெள்ளி
காலையில் லேசான குளிர். மின்விசிறி ஒன்றாம் நம்பரில்.

மகள் வித்யா டெல்லி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடையில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து கம்ப்யூட்டரில் சேர்த்து மாட்டினாள்.

"பாதிப் பாதியா எழுதினா வேகம். ஆனா ஒண்ணு போனா எல்லாம் போச்சு. ரெண்டுலயும் அதையே எழுதினா பத்திரம். எது வேணும்ப்பா?"
"ரெண்டும்."
"அதுக்கு நாலு டிஸ்க் வேணும்."

பத்திரமே போதும். ராமநாதன் சார் பெண்ணின் கல்யாணத்துக்கு நான் எடுத்த வீடியோ முழுக்க இதற்கு மாற்றியாயிற்று; வேறெங்கும் இல்லை. அந்தக் கேசட்டின் மேல் வேறொரு வீட்டுக் காதுகுத்தைப் பதிவு செய்துவிட்டேன் (என் சிக்கனம்!). பெண் 9ஆம் தேதி அமெரிக்கா போகிறாள். அதற்குள் சி.டி. தரவேண்டும்.

வித்யா டிஸ்குகளில் பேனாவால் 1, 2 என்று எழுதினாள்.

அக். 4, சனி
ஆயுத பூஜை. கேமரா, ஸ்டாண்டு, லைட். கம்ப்யூட்டரையும் திறந்து டிஸ்குகளை ஈரத்துணியால் துடைத்து, சந்தனம், குங்குமம். இன்று எதையும் தொடக்கூடாது. மனைவி சரோஜா: "இந்த பக்தியைக் கொஞ்சம் பாத்திரம் தேய்க்கறதுலயும் காட்டலாம்."

அக். 5, ஞாயிறு
விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து சுவிட்சைப் போட்டேன். பீப், பீப். டிஸ்க் 1 அவுட் என்று திரையில் எழுத்து.

வித்யா தோழி வீட்டில். போன் செய்தேன்.
"பயப்படாதீங்கப்பா, இன்னொண்ணு இருக்கே. ஒண்ணாம் நம்பரைக் கழட்டுங்க."
திறந்தேன். இரண்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி பளபள. நம்பரைக் காணோம்.
"நம்பரைத் துடைச்சுட்டேன்மா." (ஈரத்துணி என்று சொல்லவில்லை.)
"அப்பா!"
வலது பக்கம்தானே மங்களம்? அதைக் கழட்டினேன். திரை இருட்டு. போனில் சொன்னேன்.
"நல்லதைக் கழட்டிட்டீங்க. அதைப் போட்டு மத்ததை எடுங்க."

மாற்றினேன். வந்தது! மாப்பிள்ளை வீட்டுப் பஞ்சாபிகள் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டி, ராமநாதன் சார் பாங்ரா ஆட்டம்! நான் போட்ட கூச்சலில் சரோஜா சுண்டல் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அக். 7, செவ்வாய்
புது டிஸ்க் வந்தது. பழையதிலிருந்து அதுவே நகல் எடுத்துக்கொண்டது. இனி அடையாளம்: ஒன்றுக்குக் குங்குமம், ஒன்றுக்கு விபூதி. துணி? என் கைக்கு எட்டாத இடத்தில்.

அக். 8, புதன்
சி.டி. கொடுத்தாயிற்று. அவர்கள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். ராமநாதன் சார் காதருகே வந்து, "அந்த டான்ஸை மட்டும் எடுத்துடுங்களேன், ஆபீஸ்ல தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார்.

கல்யாணப் பெண்ணுக்குக் கேட்டுவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீர், சிரிப்பு.

"அங்கிள், அதை மட்டும் ரெண்டு காப்பி குடுங்க. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கணும்."