தானாக அடித்த ஃபிளாஷ்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மலை தெரியவில்லை. துவைத்த வெள்ளைப் பின்துணி காயவில்லை, கறுப்பை மாட்டினேன்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது இடது பக்க ஃபிளாஷ் தானாக அடித்தது. கேமரா மேசைமேல். ஸ்டுடியோவில் என்னைத் தவிர யாருமில்லை. ஃபிளாஷுக்கு மாட்டிய வெள்ளைக் குடைக்குள்ளிருந்து பளீரென்று ஒரு வெளிச்சம், பிறகு சார்ஜ் ஏறும் மெல்லிய விசில். கொஞ்சம் கழித்து மறுபடி, இந்தத் தடவை வலதும் சேர்ந்து.

சந்தேகங்கள்: பேட்டரி. ஈரம். கேமரா மேல் மாட்டி, கம்பியில்லாமல் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிகர். எலி (?).

பேட்டரி மாற்றினேன். மறுபடி அடித்தது. எலியும் இல்லை.

பேச்சி இருந்தால் உடனே சொல்லியிருப்பாள். பெரிய ஸ்டுடியோ விளக்கெல்லாம் வேண்டாம், கையில் அடங்குகிற சின்ன ஃபிளாஷ் இரண்டு போதும், கரண்டு போனாலும் ஓடும், ஜீப்பில் போட்டு மலைக்கும் கொண்டுபோகலாம் என்று தேடிப்பிடித்து வாங்கியவள் அவள்தான். அவள் வெளிச்சம் வைப்பாள், நான் படம் எடுப்பேன். நாலு வருஷம் அப்படித்தான். ஆடி மாதம் ஒருநாள், "இனிமே நான் வரலடி செல்வி" என்றாள். சண்டையா, இல்லை. காரணம் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல." தேனியில் அக்கா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. ஏன் போனாள்? யோசித்து யோசித்து விட்டுவிட்டேன். விட்டதாக நினைப்பு.

என் வீட்டுக்காரரிடம் ஃபிளாஷ் விஷயத்தைச் சொன்னேன். "சும்மா கெடக்குற லைட்டு எப்பிடி எரியும்? நீதான் எங்கிட்டாச்சும் கை வச்சிருப்ப." ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டது. மனசு சரியில்லை.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கிற தம்பதி வந்தார்கள். அறுபதாம் கல்யாணம். பத்திரிகையில் போட ஒரு படம். அந்தம்மாவுக்கு அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. அவருக்குக் கண்ணாடி. கண்ணாடியில் குடை மினுங்கக்கூடாது என்று ஃபிளாஷைத் தூக்கி வைத்து, தாடையை இறக்கச் சொன்னேன்.

முதல் படம் நன்று. இரண்டாவதில் இருவரும் சுண்ணாம்பு அடித்த மாதிரி. மூன்றாவது கரி. நான் எதையும் தொடவில்லை. நாலாவதுக்கு நான் அமுக்குவதற்கு முன்பே அவர்கள் முகத்தில் பளீர்.

"என்னம்மா இது, நீ அமுக்காமலே அடிக்குது?" அந்தம்மா கையைப் பிடித்துக்கொண்டார், என் கையை அல்ல, அவர் வீட்டுக்காரர் கையை.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "மதி, மதி." போதும் என்கிறார்; மலையாளத் தோட்டக்காரர்களோடு பழகிய வாய். "ஞாயித்துக்கெழம வர்றோம். அதுக்குள்ள லைட்டச் சரி பண்ணி வையிங்க. இல்லேன்னா தேனியில எடுத்துக்கிருவோம்."

சரி பண்ணுவது என்றால் எதை?

நவம்பர் 14, வெள்ளி

ஒரு ஃபிளாஷை நேற்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் அடிக்கவே இல்லை. காலையில் ஸ்டுடியோ வந்ததும் அடித்தது. அப்போ கோளாறு ஃபிளாஷில் இல்லை, இடத்தில். இடத்தில் என்ன கோளாறு?

கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகப்போக அமைதி. திரும்பி வந்தால் டீக்கடை வாசலில் பளீர்.

டீக்கடை அண்ணன்: "ஏந்தாயி, பட்டப்பகல்ல லைட்டடிச்சு என்னத்தத் தேடுற?"

"தானா அடிக்குதுண்ணே. எங்கிட்டிருந்துன்னு பாக்குறேன்."

"பேச்சியக் கேக்க வேண்டியதுதான? அந்தப் புள்ளயும் பின்சந்து மாடியில இதையேதான வச்சு அடிச்சுக்கிட்டு இருக்கு."

"அவ தேனியிலதானண்ணே இருக்கா?"

"ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்று அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

பின்சந்தில் பேச்சியின் சித்தி வேலை செய்யும் கிட்டங்கி, ஏலக்காய் மூட்டை சேர்த்து வைக்கும் இடம். கீழே பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார்கள். மாடிக்கு இரும்புப் படி. படிக்குக் கீழே நின்றேன். மாடி ஜன்னலில் பளீர், அதே நொடியில் என் கையிலும் பளீர்.

ஏறவில்லை. திரும்பிவிட்டேன்.

என் ஸ்டுடியோவுக்குப் பின்னாலேயே கடை போட்டிருக்கிறாளா? என்னிடம் வருகிறவர்களை இழுக்கவா? அப்படியென்றால் போர்டு எங்கே? கோபமா எனக்கு? கோபம்தான் என்று நினைக்கிறேன். ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 15, சனி

மதியம் ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் காய் பிரிக்கும் பெண் ஒருத்தி, கையில் இன்னும் சாப்பாட்டுத் தூக்கு. ஒரு பக்கம் குடை, மறுபக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட வேட்டி கட்டித் தொங்கியது. என்னுடையதைப் போலவே சின்ன ஃபிளாஷ் இரண்டு, அதே கம்பெனி. நடுவில் பேச்சி, கையில் கேமரா. அவள் கையில் கேமராவை நான் பார்த்ததே இல்லை. இன்றைக்குத்தான் அது உறைத்தது.

"வாடி" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி.

"இங்கிட்டு என்னடி பண்ற?"

"படம் எடுத்துப் பழகுறேன்."

"அத எங்கிட்டச் சொன்னா என்ன?"

"சொன்னா கேமராவக் குடுப்ப. குடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னு அப்பிடி எடு, இப்பிடி எடும்ப. யாரும் பாக்காத எடத்துல கெடுத்துப் பழகணும்னு தோணுச்சு." கேமராவை மேசைமேல் வைத்தாள். "கெட்டதுதான் மிச்சம். தை பொறக்கவும் எல்லாத்தையும் வித்துட்டுச் சித்திகூடக் காய் பிரிக்கப் போறேன். இந்தா பாரு. அளவ மாத்தவே இல்ல, ஒண்ணு சுண்ணாம்பு, ஒண்ணு கரி. எனக்குக் கை வராதுடி."

பார்த்தேன். வியாழக்கிழமை என் கேமராவில் வந்த அதே சுண்ணாம்பு, அதே கரி.

புரிந்துவிட்டது. இரண்டு பேர் ட்ரிகரும் ஒரே சேனலில், ஒரே அலைவரிசையில். நான் அமுக்கினால் அவளுடையது அடிக்கிறது, அவள் அமுக்கினால் என்னுடையது. மறுபடி சார்ஜ் ஏறுவதற்குள் படமெடுத்தால் கரி. ஒருத்தி ட்ரிகரில் வெளிச்சத்தைக் கூட்டினால் மற்றவளுக்கும் கூடி, சுண்ணாம்பு.

சொல்லவில்லை. "வர்றேன்" என்று படியிறங்கினேன். இவள் இதை விட்டுவிட்டால் என்னிடமே திரும்பி வந்து வெளிச்சம் வைப்பாள். இந்த நினைப்பு எனக்குத்தான் வந்தது, வேறு யாருக்கும் இல்லை. கிட்டங்கி வாசலில் நின்றேன். "என்னக்கா, போட்டோ நல்லா வந்துச்சா?" என்று ஒரு பெண் உள்ளேயிருந்து கேட்டாள். நேற்று இவளையும் எடுத்தாளாம்.

திரும்ப ஏறினேன்.

"ஒனக்குக் கை வராம இல்லடி. நான்தான் ஒன் படத்தக் கெடுத்துக்கிட்டு இருக்கேன்."

நம்பவில்லை. ஸ்டுடியோவுக்கு ஓடி, போனில் அவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அமுக்கினேன். "இங்க அடிக்குதுடி!" என்றாள். மறுபடி அமுக்கினேன். அந்தப் பக்கம் ஏதோ சத்தம். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில்.

பேச்சி காலையிலேயே வந்து என் ஃபிளாஷ், ட்ரிகர் எல்லாவற்றிலும் சேனலை மாற்றினாள். "எப்பிடி மாத்துறதுன்னு பாத்துக்க" என்று என் விரலைப் பிடித்து அமுக்க வைத்தாள்.

"இன்னிக்கி மட்டும் வெளிச்சம் வச்சுக் குடுத்துட்டுப் போடி."

"மாட்டேன். எனக்குச் சோலி கெடக்கு."

நானே வைத்தேன். தம்பதி வந்தார்கள். அவர் பக்கத்து நிழல் கொஞ்சம் கனம், பேச்சி என்றால் இன்னும் இறக்கி வைத்திருப்பாள். அந்தம்மாவுக்குப் பிடித்துவிட்டது. "இப்பத்தான் மனுசங்க மாதிரி இருக்கோம்."

மாலையில் பேச்சி தன் மாடிக்குக் கூப்பிட்டாள், ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை பேருக்குச் சொல்கிறவள் நான்.

"மூச்ச விடுடி."

விட்டேன். அடித்தது. காட்டினாள். நான் எப்போதும் இரண்டு பக்கமும் வெளிச்சம் நிரப்புவேன். இவள் பாதி முகத்தை இருட்டிலேயே விட்டிருந்தாள். யாரோ ஏதோ கேட்டு, பதில் தேடுகிற மாதிரி ஒருத்தி.

"இதுவா நான்?"

"பின்ன?"

"திரும்ப வந்துரு பேச்சி. நீ எடு, நான் லைட்டு வைக்கிறேன். மாத்தி மாத்தி."

குடையை மடக்கிக்கொண்டே தலையை ஆட்டினாள். "இல்லடி. டீ குடிக்க வர்றேன்."

வருத்தமா, நிம்மதியா? இரண்டும் இல்லை. இரண்டும்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

மறுபடி மழை. பென்சில் பேட்டரி வாங்க வேண்டும். மாமியாருக்கு இருமல் மாத்திரை.

ஒரு டீச்சர் வந்தார். பணி ஓய்வாம், வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். பின்துணி எடுக்க நான் திரும்பியிருந்தபோது மேசைமேல் கிடந்த என் போனைப் பார்த்திருக்கிறார். முகப்பில் ஞாயிற்றுக்கிழமைப் படம்.

"இது நீங்களா? யாரு எடுத்தது? எனக்கும் இதே மாதிரி வேணும்மா."

என்னால் எடுக்க முடியும் என்று சொல்லியிருக்கலாம். பின்சந்து, கிட்டங்கி மாடி, பேச்சின்னு கேளுங்க என்று சொல்லிவிட்டேன். மழை வலுத்திருந்தது. என் குடையையும் எடுத்துக் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தேனோ. வீட்டுக்கு நனைந்துகொண்டே வந்தேன்.