பத்து லட்சத்து ஒன்று

கப்பலில் இருக்கும் என் அன்புக்குரியவருக்கு,

இவ்வளவு நேரம் கழித்து மின்னஞ்சல் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகள் தூங்கிய பிறகுதான் கை ஒழிந்தது. இருவரும் நலம். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது.

ஒரு எண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தோடு எதற்கு மல்லுக்கட்டுகிறாய், கையெழுத்தைப் போட்டுத் தொலை என்று போனில் சொன்னீர்கள். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. நடந்ததை முழுதாகக் கேளுங்கள்.

கணக்கு சார் பலகையில் பத்து லட்சத்து ஒன்று என்ற எண்ணை எழுதினாராம். நூறு வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்தாயிற்று, ஒன்றிலும் மீதியில்லாமல் போகவில்லை, ஆகவே இதுவும் பகா எண்தான் என்றாராம். நம் பெண் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? கேட்காமலே எழுந்து, இன்னும் ஒரே ஒரு பகா எண் போயிருந்தால் மாட்டியிருக்கும் சார் என்றாளாம். வகுப்பே சிரித்துவிட்டது. அவள் சொன்னது நூற்றியொன்றை. அதை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றால் பெருக்கிப் பாருங்கள்.

நம் வீட்டுப் பாத்திர ஆட்டம் நினைவிருக்கிறதா? ஒருவர் எண் சொல்ல, மற்றவர் அதைக் காரணிகளாக உடைக்க வேண்டும். உடைக்காதவர் பாத்திரம் துடைக்க வேண்டும். போன லீவு முழுக்கத் துடைத்தது யாரென்று உங்களுக்கே தெரியும்! இந்த எண்ணை அவளுக்குக் கொடுத்தவள் நான்தான். ஆயிரத்தின் வர்க்கத்தோடு ஒன்று. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒரே மாதிரி. ஒன்றும் தெரியாத அப்பாவி போல முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். ஆயிரம் வரை தேடாமல் விடாதே என்றேன். அவள் விடவில்லை.

என்னை வரவழைத்த தலைமையாசிரியை என் எதிரிலேயே போனில் பெருக்கிப் பார்த்தார். கணக்கு சரிதான்மா, மரியாதைதான் தப்பு என்றார். மரியாதைக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்கிறேன் என்றேன். அது போதாதாம். 'தவறான விடை சொல்லி வகுப்பைக் குழப்பினேன்' என்று அவள் எழுதி, நாம் இருவரும் சம்மதித்துத் திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்த வருடம் இடமில்லையாம். பக்கத்தில் வேறு பள்ளி இல்லை. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனாலும் அந்த வரியை அவள் எழுத மாட்டாள். எழுத நான் விடமாட்டேன். என் மேல்படிப்பை நிறுத்தியபோதும் இதுவரை போதும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நானும் நின்றேன். அவளாவது தேடட்டும். இன்று அவளே எழுதிவிட்டாள்: 'கேட்காமல் எழுந்து பேசியதற்கு மன்னியுங்கள். பத்து லட்சத்து ஒன்று பகு எண்.' கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உங்கள் சம்மதத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நீங்கள் போனில் சத்தமாகப் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. படுக்கும்போது, அப்பாவுக்கும் அது பகா எண்தானாம்மா என்று கேட்டாள். அப்பாவையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவளுக்கு நீங்களே பதில் எழுதுங்கள். திங்கட்கிழமைக்கு முன்னால், சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காக விழித்திருக்கும்,
உங்கள் மனைவி